காளை பால் தருமா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பாலின் விலை லிட்டர் கணக்கோடு முடிவதில்லை. கொழுப்பும், கொழுப்பு நீங்கிய பிற திடப்பொருள்களும் அளக்கப்படுகின்றன. ஒரே தீவனம் தின்னும் இரு பசுக்களின் பால் இதில் வேறுபடுவானேன்?

பரம்பரையும் ஒரு காரணம். பிற திடப்பொருள்களுள் புரதமும் ஒன்று. பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். பசுவின் 6ஆம் குரோமோசோமில் நான்கு கேசீன் மரபணுக்கள் அருகருகே உள்ளன. அவற்றுள் காப்பா-கேசீன் மரபணுவில் ஏ, பி என்னும் இரு வகைகளே மிகுதி. இவை உண்டாக்கும் புரதங்களில், 169 அமினோ அமிலங்களுள் இரண்டு மட்டுமே வேறு! ஆயினும் பி வகைப் பாலில் கேசீன் துகள்கள் சிறியவை. ரென்னெட் என்னும் நொதியைச் சேர்த்தால் அது விரைவாகவும் கெட்டியாகவும் உறையும். பாலாடைக்கட்டியும் கூடுதலாகக் கிடைக்கும். (வீட்டுத் தயிர் அமிலத்தால் உறைவது, அது வேறு கதை.)

நம் நாட்டு மாடுகளில் ஏ வகையே மிகுதி. ஜெர்சியில் பி வகை கணிசமாக உண்டு. தமிழகச் சமவெளியின் கலப்பினப் பசுக்கள் பலவற்றில் ஜெர்சி இரத்தம் கலந்துள்ளது.

கடைகளில் ‘ஏ2 பால்’ என்கிறார்களே, அது பீட்டா-கேசீன் என்னும் வேறொரு மரபணுவைப் பற்றியது. அதைக் கொண்டு பசு எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்ல முடியாது. கறவையின் அளவை எண்ணற்ற மரபணுக்களும், தீவனமும், பராமரிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

காளை பால் தராது. ஆனால், கன்றுக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. காளைக்கு இரண்டும் பி என்றால், பிறக்கும் கிடேரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பி உறுதி. காளைக்கன்றின் வால்முடி வேரிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதித்தே இதை அறிந்துகொள்ளலாம்.