பூட்டிக் கிடந்த காரில் பூஞ்சணம்!

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் அக்டோபரில் அமெரிக்காவிலுள்ள மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சென்னைக்குத் திரும்பியபோது பொங்கலுக்கு 2 நாள் பாக்கி. மறுநாள் காலையில், உள்ளூரில் இருக்கும் மகனின் பிள்ளையோடு கோயிலுக்குப் போகலாமென்று கார் கதவைத் திறந்தால்... குப்பென்று ஒரு வாடை! ஸ்டீயரிங்கில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். சீட் பெல்ட்டில் கறுப்புப் புள்ளிகள்.

"தொடைச்சுட்டாப் போச்சு" என்று காய்ந்த துணியால் தட்டிவிட்டு, சென்ட் பாட்டில் ஒன்றையும் வைத்துக் கிளம்பிவிட்டார்கள். ஏ.சி. போட்டதுதான் தாமதம், பையனுக்கு அடுக்குத் தும்மல். ராத்திரி இழுப்பு வந்து, நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது. அவனுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு.

பூஞ்சணத்துக்குத் தேவை ஈரமும் கொஞ்சம் தீனியும்தான். வியர்வைக் கறை, பிஸ்கட் தூள், தூசி எல்லாமே அதற்குத் தீனி. நனைந்த கார்ப்பெட்டில் 1, 2 நாளிலேயே முளைக்க ஆரம்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், காற்றோட்டமே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஊருக்குக் கிளம்புமுன் காரைக் கழுவிப் பளபளவென்று நிறுத்துகிறோமே, அது அப்புறம். முதலில் உள்ளே காய வேண்டும். ஏ.சி. ஓடும்போது கூலிங் காயிலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அப்படியே அணைத்தால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். அதனால் கடைசி சவாரியில் வீடு வர 5, 10 நிமிஷம் இருக்கும்போதே கூலிங்கை நிறுத்திவிட்டு, வெளிக்காற்று வருகிற மாதிரி வைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். மிதியடியைத் தூக்கிவிட்டு, அடியிலுள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வெளியே போக வழி கிடையாது. காற்றுப் போகிற கவர்தான் நல்லது, அதுவும் கார் காய்ந்த பிறகு.

"பாச்சை உருண்டை போட்டா போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது! அது ஈரத்தை உறிஞ்சாது. அடைத்த காருக்குள் அதன் நெடி தேங்கும். பிறவியிலேயே ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடக் கூடும். ஷூ பெட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு ஒரு காருக்கு எம்மாத்திரம்? கால்சியம் குளோரைடு டப்பா நன்றாகவே உறிஞ்சும். ஆனால் நிரம்பிக் கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும். யாரும் பார்க்காத காரில் மாதக்கணக்கில் வைக்கிற சமாசாரம் இல்லை அது. என்னைக் கேட்டால், நம்பிக்கையானவர்களிடம் சாவியைக் கொடுத்து, வெயில் அடிக்கிற நாளில் வாரம் ஒருமுறை நாலு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்வதே மேல்.

ஏற்கெனவே பூத்துவிட்டதா? காய்ந்த துணியால் தட்டினால் வித்துக்கள் காற்றில் பறக்கும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் கதவுகளைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். செத்த பூஞ்சணமும் அலர்ஜி தரும். எனவே மருந்தடித்தால் மட்டும் போதாது, துடைத்து எடுத்தாக வேண்டும். ஏ.சி. ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஆஸ்துமாக்காரர்களும் குழந்தைகளும் இந்த வேலை நடக்கும் பக்கமே வர வேண்டாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தும்மல், கண் அரிப்போடு போய்விடும். மூச்சு இழுத்தாலோ, இருமல் விடாமல் இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் காரை அப்புறம் மெக்கானிக் பார்த்தார். முன் கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிகிற துவாரத்திலிருந்து கைப்பிடி வேப்பிலைச் சருகை உருவி எடுத்தார். இத்தனை நாளும் வாசல் வேப்பமர நிழலில்தான் அது நின்றுகொண்டிருந்தது.