ஆளில்லாத மைதானத்தில் தோற்ற கோப்பை

2020 மார்ச் 14. இந்தத் தேதியைச் சொன்னால் பலருக்கும் ஊரடங்குக்கு முந்தைய கடைசி நாட்கள்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களைப் போன்ற சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்கு வேறொன்று வரும். கோவாவின் ஃபடோர்டா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி, கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3, நாம் 1.

கிரிக்கெட் ஊரில் கால்பந்து ரசிகனாக இருப்பதே ஒரு தனி அவஸ்தை. டீம் பேரைச் சொன்னால், "ஓ, தோனி டீமா?" என்பார்கள். அவரும் ஒரு உரிமையாளர் என்பதால் மறுக்கவும் முடியாது. ஆனால் இந்த டீம் 2015, 2018 என இரண்டு முறை சாம்பியன் ஆகியிருக்கிறது. அதிலும் 2015 இறுதிப் போட்டி இதே ஃபடோர்டாவில் நடந்தது. கோவா அணி 2-1 என முன்னிலையில் இருந்தது. 90-வது நிமிடத்தில் ஒரு கோல், அடுத்து ஸ்டீவன் மெண்டோசா அடித்த இன்னொன்று. கோவாக்காரர்கள் கொண்டாட எழுந்த இடத்திலேயே நாம் கோப்பையைத் தூக்கினோம். அதனால் 2020-லும் ஃபடோர்டா என்றதும், ராசியான மைதானம் என்றுதான் நினைத்தோம்.

அந்த சீசன் ஆரம்பித்த விதத்தைப் பார்த்தவர்கள் இறுதிப் போட்டியைக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். முதல் நான்கு மேட்சுகளில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது மேட்சில் ஹைதராபாத்துக்கு எதிராகத்தான், அதுவும் 90 நிமிடம் முடிந்த பிறகு, கணக்கைத் தொடங்கினோம். கோச் ஜான் கிரிகோரி விலகினார். டிசம்பரில் அயர்லாந்து குடியரசு அணிக்காக விளையாடிய ஓவன் காயில் வந்தார். அதன்பிறகு நடந்ததற்கு இன்றுவரை எனக்கு முழு விளக்கம் கிடைக்கவில்லை. அதே வீரர்கள், அதே சட்டை, ஆனால் வேறு டீம். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் கோலாக அடித்துத் தள்ளினார். அந்த சீசனில் அவருக்கு 15 கோல், தங்கக் காலணி விருதும் அவருக்குத்தான். பிரேசிலின் கிரிவெல்லாரோ பந்தைத் தொட்டாலே கேலரி எழுந்து நிற்கும். புள்ளிப் பட்டியலில் நான்காவது இடம், அரையிறுதி.

பிப்ரவரி 29 அன்று பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் அரையிறுதியின் முதல் சுற்று. கோவாவை 4-1 என்று சுருட்டினோம். மறு சுற்றில் கோவா 4-2 என ஜெயித்தும், மொத்தக் கணக்கில் 6-5 என நாம்தான் இறுதிக்குப் போனோம். அந்தப் பிப்ரவரி இரவில் டிரம்ஸ் சத்தம் மேட்ச் முடிந்தும் ஓயவில்லை. அடுத்து எப்போது இங்கே வருவோம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. அடுத்து சென்னையில் ஐ.எஸ்.எல். மேட்ச் நடந்தது 2022 அக்டோபரில்!

இறுதிப் போட்டிக்கு ரசிகர்கள் வரக்கூடாது என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். கொரோனா. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டி.வி-யில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. அத்தனை நாற்காலிகளும் காலி. பந்தை உதைக்கும் சத்தம் தனியாகக் கேட்டது. 10-வது நிமிடத்தில் ஹாவி ஹெர்னாண்டஸ், 48-வது நிமிடத்தில் எடு கார்சியா என ஏ.டி.கே. இரண்டு அடித்துவிட்டது. 69-வது நிமிடத்தில் வால்ஸ்கிஸ் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். நான் சோபாவில் இருந்து குதித்த சத்தத்தில் நான்கு வயது மகள் தூக்கம் கலைந்து அழுதாள். அதற்குப் பிறகான இருபத்துச் சொச்ச நிமிடங்களில்தான் ஒரு கேலரி தேவைப்படும். களைத்துப்போன காலை இன்னும் பத்து அடி ஓட வைப்பது அந்தச் சத்தம்தான். அது இல்லை. கூடுதல் நேரத்தில் ஹாவி மூன்றாவதையும் அடித்து முடித்துவைத்தார்.

ஏ.டி.கே. நன்றாக விளையாடித்தான் ஜெயித்தது. அதை மறுத்தால் பாவம். இதில் இன்னொரு வேடிக்கை, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ் அப்போது அவர்கள் டீமில். நம் பக்கம் தமிழ்நாட்டின் எட்வின் சிட்னி வான்ஸ்பால். திட்டவும் மனம் வரவில்லை.

என் கொச்சி நண்பர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். 2014, 2016, 2022 என மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றவர்கள் அவர்கள். 2022-ல் ஃபடோர்டாவே மஞ்சளாகி இருந்தது. பெனால்டி ஷூட் அவுட்டில் ஹைதராபாத்திடம் தோற்றதும், பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் தோளில் சாய்ந்து அழுதாராம். பெயர்கூடத் தெரியாதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்று தோல்வி கண்ட மனிதரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

பழிதீர்க்கலாம் என்றால் எதிரியும் இல்லை. அந்தக் கோப்பையோடு ஏ.டி.கே. மோகன் பகானுடன் இணைந்துவிட்டது. காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். 2022 அக்டோபரில் கொல்கத்தாவுக்கே போய் ஏ.டி.கே. மோகன் பகானை 2-1 என ஜெயித்தபோது கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். காயில் 2023-ல் திரும்பி வந்தார். அந்த சீசனில் ஆறாவது இடம், பிளே ஆஃபில் கோவாவிடம் 2-1 தோல்வி. அதற்கடுத்து 13 அணிகளில் 11-வது இடம். அவரும் கிளம்பினார். 2025-ல் கிளிஃபோர்ட் மிராண்டா என்ற இந்தியர் பயிற்சியாளராக வந்தார். ஆனால் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற சிக்கலில் 2025-26 சீசனே வழக்கமான நேரத்தில் தொடங்கவில்லை. டீம் தோற்குமோ என்று பயந்த காலம் போய், டீமுக்கு மேட்ச் இருக்குமா என்று பயப்பட வேண்டியதாகிவிட்டது.

ஆனாலும் ஆசை விடவில்லை. வியாசர்பாடியிலும் கன்னியாகுமரி கடற்கரைக் கிராமங்களிலும் பையன்கள் சாயங்காலம் பந்தோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்களில் நான்கைந்து பேராவது சென்னையின் நீலச் சட்டையில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பதைப் பார்க்க வேண்டும். கோப்பையைவிட இதைத்தான் முதலில் கேட்பேன்.

அடுத்த ஆசை கொஞ்சம் பேராசை. மும்பை, கோவா, கொச்சி, பெங்களூரு, கொல்கத்தா எல்லாம் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டியைப் பார்த்துவிட்டன. சென்னை பார்த்ததில்லை. 2023-24, 2024-25 சீசன்களில் லீக்கில் மேலே முடித்த அணியின் ஊரில்தான் இறுதிப் போட்டி நடந்தது. 11-வது இடத்தில் இருந்து அங்கே போக எத்தனை வருடமோ! மகளுக்கு இப்போது விவரம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நாம் தோற்றால் என்ன செய்வது என்று கேட்டாள். பெரியமேட்டில் இருந்து சென்ட்ரல் வரை எல்லோரும் சேர்ந்து புலம்பிக்கொண்டே நடக்கலாம் என்றேன். அவளுக்குச் சம்மதம்.