வெள்ளத்தில் மூழ்கிய மின்னாக்கி

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சாரத் தொடர்வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. நம் நாட்டின் பல ஊர்கள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்த அக்காலத்திலேயே மின்னாற்றலின் பயனைக் கண்ட ஊர் தாம்பரம். அத்தகைய ஊரும் அதன் சுற்றுப்புறமும் 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளிரவு இருளில் ஆழ்ந்தன. மறுநாட் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீருள் மறைந்தன. மின்னோட்டத்தால் உயிர்க்கு இடர் நேராவண்ணம் பல பகுதிகளில் மின்சாரமும் நிறுத்தப்பட்டது.

மின்சாரம் இல்லையெனின் விளக்கு மட்டுமோ அணையும்? நிலத்தடி நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் இயங்காது. குடிநீர்க்கும் முட்டுப்பாடு நேரும். இத்தகைய வேளையில் உதவுதற்கென்றே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் டீசல் மின்னாக்கியை வைத்திருப்பர். மக்கள் அதனை ஜெனரேட்டர் என்றே வழங்குவர். ஆயின், கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருந்த மின்னாக்கிகள் பல அவ்வெள்ளத்தில் தாமே மூழ்கிப்போயின. காவலனே கள்வரிடம் அகப்பட்டாற்போன்ற நிலை அது.

மின்னாக்கி என்பது ஒரே பொறி போலத் தோன்றினும், உண்மையில் அஃது இரு பொறிகளின் இணைப்பாகும். ஒன்று டீசல் எஞ்சின். மற்றொன்று அதனாற் சுழற்றப்பெற்று மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். முன்னதை அமைத்தவர் ருடால்ப் டீசல் என்னும் செருமானிய அறிஞர். 1897ஆம் ஆண்டில் ஆக்சுபர்க் நகரில் அவரது எஞ்சின் நன்முறையில் இயங்கிக் காட்டியது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டுவதில்லை. சிலிண்டருள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கிற்கும் கீழாக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் அறிவீர்கள் அன்றோ? அவ்வாறே நெருக்குண்ட காற்றும் மிகுதியாகச் சூடேறுகிறது. அவ்வெப்பத்தின்கண் நாசில் வழியே நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. காந்தத்திற்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே அசைவு நிகழுமாயின் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். ஆல்டர்னேட்டர் அவ்வுண்மையின் பயனாகும்.

இத்தகைய பொறி நீரில் மூழ்கினால் அதனை எவ்வாறு மீட்பது? இதனை யான் நூலிற் கற்றிலேன்; முடிச்சூர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில், தம் வீட்டுப் பின்புறத்திற் சிறு பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் கண்டு அறிந்தேன். வெள்ளம் வடிந்த பின், நாற்பது குடும்பத்தினர்க்கு உரிய மின்னாக்கி ஒன்றைச் சரக்கு வண்டியில் ஏற்றி அப்பட்டறைக்குக் கொண்டுவந்தனர். உடன் வந்த இளைஞர் ஒருவர் புதிய பேட்டரியையும் கையோடு கொணர்ந்திருந்தார். "ஐயா, மேற்புறம் காய்ந்துவிட்டது. பேட்டரியை மாட்டி ஒருமுறை சுழற்றிப் பார்ப்போமா? குடிக்கவும் நீரின்றி எல்லாரும் தவிக்கின்றனர்" என்றார்.

முதியவர் அவர் கையைப் பற்றித் தடுத்தார். "தம்பி, காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியுமா? சிலிண்டரில் ஒரு குவளை நீர் நின்றாலும் பிஸ்டன் அதன்மேல் மோதும். இணைப்புத்தண்டு வளைந்துவிடும். இன்று மூன்று நாளில் முடியும் வேலை பிறகு மூன்று மாதத்திலும் முடியாது" என்றார். இளைஞர் பேட்டரியைக் கீழே வைத்தார்.

பின்னர் முதியவர் செய்த வேலை ஒவ்வொன்றும் முறைமை உடையது. முதற்கண் எஞ்சினின் அடியிலுள்ள திருகைக் கழற்றி மசகெண்ணெயை வடித்தார். கரிய நிறமாய் இருத்தற்குரிய எண்ணெய் பாலிட்ட காப்பி போல வெளுத்து ஒழுகிற்று. நீர் கலந்தமைக்கு அதுவே சான்று. அடுத்து, நாசில்களைக் கழற்றி எடுத்து, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்றினார். நாசில் இருந்த துளைகளின் வழியே சேற்றுநீர் பீறிட்டது. இளைஞர் அதனைக் கண்டு ஒன்றும் பேசாது நின்றார். சிலிண்டர்கள் உலர்ந்ததும் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சுழற்றி, துருவேறாது காத்தார். மசகெண்ணெயை ஒருமுறைக்கு இருமுறை மாற்றி, அதன் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் புதிதாக்கினார்.

டீசல் நீரினும் இலேசானது. ஆதலின் தொட்டிக்குள் நீர் அடியிலும் டீசல் மேலும் நிற்கும். அடித்திருகைத் திறந்து நீரை வெளியேற்றித் தொட்டியைக் கழுவிப் புது டீசல் நிரப்பினார். எனினும் குழாய்களிற் காற்று புகுந்திருக்குமாயின் எஞ்சின் இயங்காது. காற்று நெருக்கத்திற்கு இடங்கொடுப்பதால், பம்பு தரும் அழுத்தம் நாசிலைத் திறக்கும் அளவிற்கு உயர்வதில்லை. எனவே வடிகட்டியின் மேல்திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். முதலில் நுரை வந்தது. பிறகு குமிழியற்ற டீசல் வந்தது. உடனே திருகை இறுக்கினார். பம்பிலும் அவ்வாறே செய்தார். நாசிலைச் சோதிக்குங்கால், அது பீச்சும் இடத்தில் எவரும் கைநீட்டலாகாது என எச்சரித்தார். அவ்வழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் கையையே இழக்க நேரிடலாம்.

எஞ்சினைச் செப்பம் செய்தபின் ஆல்டர்னேட்டரைத் தனியே பிரித்தார். அதன் செப்புக்கம்பிச் சுருளில் சேறு படிந்திருந்தது. தூயநீரால் மென்மையாகக் கழுவி, வெந்நிறக் காற்றெனச் சுடாது, இளஞ்சூடான காற்றால் இரண்டு நாள் உலர்த்தினார். ஈரமான சுருளில் மின்சாரம் பாயுமாயின் மின்காப்பு அழிந்து சுருள் கருகும். மெகர் என்னும் கருவியால் காப்பின் தடையை அளந்தார். அது பத்து இலட்சம் ஓமுக்குக் குறைதல் ஆகாது. முதல்நாள் மாலை முள் அதற்கு மிகக் கீழே நின்றது. இரண்டாம்நாள் மாலை அதனைக் கடந்து உயர்ந்தது. அதன் பின்னரே இரு பொறிகளையும் இணைத்தார்.

எஞ்சின் சிறிது புகைந்து, இருமி, பின் சீராக ஓடிற்று. ஆயின், விளக்கு எரியவில்லை. அனைவர் முகமும் வாடின. முதியவர் மட்டும் கலங்கவில்லை. ஆல்டர்னேட்டரின் இரும்பில் எப்போதும் சிறிது காந்தம் எஞ்சியிருக்கும்; அஃதே மின்சாரம் பிறத்தற்கு வித்து. அவ்வித்து அழிந்துபோயிருந்தது. அவர் இளைஞரை நோக்கி, "தம்பி, உன் பேட்டரியை இப்போது கொடு" என்றார். அதன் இரு முனைகளையும் காந்தச்சுருளோடு திசை மாறாது ஒரு நொடி தொடுவித்தார். விளக்கு ஒளிர்ந்தது. எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுழலுமாறு திருத்தினார். நான்கு காந்த முனைகள் உடைய அப்பொறியில் அவ்வேகமே நம் நாட்டு மின்சாரத்திற்குரிய நொடிக்கு 50 அலைவுகளைத் தரும்.

மூன்றாம்நாள் மாலை மின்னாக்கி குடியிருப்பிற்குத் திரும்பியது. அதனை இம்முறை உயர்ந்த மேடைமீது, திறந்த வெளியில் நிறுவச் செய்தார் முதியவர். அதன் புகையிற் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. மூடிய அறையில் மின்னாக்கியை ஓடவிட்டு உறங்கியோர் மீண்டும் விழியாதொழிந்த நிகழ்ச்சிகள் உண்டு. மற்றொன்றையும் அவர் வற்புறுத்தினார். மின்னாக்கியை வீட்டுக்கம்பியோடு நேரே இணைத்தலாகாது. மாற்றுச்சுவிட்சு வழியாகவே இணைத்தல் வேண்டும். அன்றேல், மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் பாயும். மின்னோட்டம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிப் பணிசெய்யும் தொழிலாளியின் உயிரைக் கவரும். நம் வீட்டு விளக்கு ஒளிர்தற்காகப் பிறர் வீட்டு விளக்கு அணைதல் தகுமோ?

மாணவர்களே! அம்முதியவர் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும், நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தளிக்கும் நன்மருத்துவர்க்கு அவர் ஒப்பாவர். முதல்நாள் எஞ்சினைச் சிதைத்திருக்கக் கூடிய அதே பேட்டரி, மூன்றாம்நாள் அதற்கு உயிரளித்தது. பேட்டரி மாறவில்லை, அதனைப் பயன்படுத்திய காலமும் முறையுமே மாறின. கருவியைக் கையாள்வதற்கு வலிமை மட்டும் போதாது. காரணம் அறிதலும், காலம் வரும்வரை பொறுத்தலும் வேண்டும். அன்று மாலை நாற்பது வீட்டார் குடத்தில் வீழ்ந்த நீரின் ஒலி, அப்பொறுமைக்குக் கிடைத்த பரிசாகும்.