கேம் வீடியோவுக்காக அழிந்த அம்மாவின் வீடியோ: பதிவுகளின் அளவைக் குறைப்பது எப்படி?

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அக்காவின் மகனும் எங்களோடு தங்கியிருக்கிறான். கண்டி நகரில் படிக்கிறான். மிச்ச நேரமெல்லாம் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுத்தான். விளையாடுவதைத் திரையில் அப்படியே பதிவுசெய்து யூடியூப்பில் போடுவான். அதற்கு அவன் பாவித்தது என்னுடைய பழைய போனை.

ஒருநாள் அந்தப் போனில் அம்மாவின் வீடியோவைத் தேடினேன். இல்லை. அவனைக் கேட்டேன்.

"இடமில்லை எண்டு காட்டினது மாமா. பெரிசா இருந்த ரெண்டு மூண்டை அழிச்சுப்போட்டன்" என்றான். அழித்த கோப்புகள் தங்கும் குப்பைத் தொட்டியையும் பார்த்தோம். 30 நாள் கடந்து அதுவும் காலியாகியிருந்தது.

அது 42 நிமிட வீடியோ. கிளிநொச்சியில் எங்கள் வளவு, 2008இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாள், 2009 மே மாதத்தில் காணாமற்போன அண்ணா என்று அம்மா கோர்வையாகச் சொல்லியிருந்தார். இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அம்மாவும் இப்போது இல்லை. கனடாவில் இருக்கும் தங்கைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று நிமிடத் துண்டு மட்டும் மிஞ்சியது. அதில் முகம் மங்கல். குரல் தெளிவு.

பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. ஒரேயொரு பிரதியை ஒரேயொரு போனில் வைத்திருந்தது என் பிழை. பிறகு இருவரும் சேர்ந்து படித்துப் பழகியதை இங்கே எழுதுகிறேன். கேம் விளையாடும் பிள்ளையும் கதை சொல்லும் முதியவரும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது உதவும்.

அளவைத் தீர்மானிப்பது எது?

ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு எழுதப்படுகிறது என்பதை பிட்ரேட் என்கிறார்கள். அதை நேரத்தால் பெருக்கினால் வீடியோவின் அளவு வரும். 8 பிட் ஒரு பைட். ஆகவே 16 மெகாபிட் பிட்ரேட்டில் பதிவுசெய்தால் செக்கனுக்கு 2 மெகாபைட், நிமிடத்துக்கு 120 மெகாபைட், மணிக்கு 7.2 ஜிபி. மருமகனின் போன் அடிக்கடி நிரம்பியதற்குக் காரணம் இதுதான். பிட்ரேட்டை 4 மெகாபிட்டாகக் குறைத்தால் மணிக்கு 1.8 ஜிபி போதும்.

பிட்ரேட்டை மட்டும் குறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். கூடவே வேறு இரண்டையும் குறைக்க வேண்டும். ஒன்று படத்தின் அளவு. 1080 படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள்; 720 படத்தில் சுமார் 9 லட்சம். மற்றது செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பது. 60க்குப் பதிலாக 30 வைக்கலாம். போனில் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. திரைப்பதிவுச் செயலிகள் பலவற்றில் இந்த மூன்றையும் அமைப்புகளில் மாற்றலாம்.

கேமும் கதிரையில் இருப்பவரும்

வீடியோ சுருக்கும் முறைகள் ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டுமே பெரும்பாலும் எழுதும். கேமில் திரை முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பதால் சுருக்குவது கடினம். கதிரையில் இருந்து பேசும் ஒருவரின் பின்னால் உள்ள சுவர் அசையாது. அதனால் 720 அளவில் 2 மெகாபிட் பிட்ரேட் அநேகமாகப் போதும். மணிக்கு 0.9 ஜிபிதான். போனைக் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்தால் படமும் தெளிவாக வரும், அளவும் வீணாகாது.

ஒலிக்கு இன்னும் குறைந்த இடம் போதும். 64 கிலோபிட்டில் ஒரு மணிநேரக் குரல் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். இடமே இல்லையென்றால் குரலை மட்டுமாவது பதியுங்கள்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கண்டிப் பக்கத்தில் இப்போதும் பின்னேர இடிமழைக்குக் கரண்ட் போகும். எம்பி4 கோப்பைத் திறக்கத் தேவையான குறிப்பு வழக்கமாகப் பதிவின் முடிவில்தான் எழுதப்படும். இடையில் கணினி நின்றால் முழுப் பதிவும் திறக்காமல் போகலாம். எம்கேவி வகையில் அதுவரை பதிந்தது பிழைக்கும். கணினியில் பதிபவர்களுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் எம்கேவியாகப் பதிந்து, முடிந்தபின் அதிலேயே தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றலாம்.

பதிந்த பிறகு சுருக்குவது

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் பெரிய வீடியோவைச் சிறிதாக்கும். அதில் தர எண்ணை 22 அளவில் வைத்துப் பாருங்கள். எண் கூடக் கூட அளவு குறையும், தரமும் குறையும். எச்.265 முறை ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவில் தரக்கூடும். ஆனால் பழைய போன்கள் சிலவற்றில் ஓடாது. சுருக்கியதை முழுதாக ஓட்டிப் பார்க்காமல் மூலத்தை அழிக்க வேண்டாம்.

கேம் வீடியோவென்றால் பார்த்தபின் மூலத்தை அழிக்கலாம். சாட்சியமென்றால் ஒருபோதும் அழிக்கக்கூடாது. காணாமற்போனவர் பற்றியோ காணி பற்றியோ ஒருவர் சொன்ன பதிவு, நாளைக்கு ஒரு சட்டத்தரணிக்குத் தேவைப்படலாம். எப்போது பதியப்பட்டது என்ற விபரம் மூலக் கோப்பிலேயே இருக்கும். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும். அந்த விபரங்களும் போய்விடும். 'டொக்கியூமென்ட்' என்பதைத் தெரிவுசெய்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பேசியவரின் சம்மதமின்றி எவருக்கும் அனுப்ப வேண்டாம்.

எங்கே வைப்பது?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயல் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் நாடு முழுவதும் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. இணையத்தில் மட்டும் வைத்திருந்தால் நமக்குத் தேவையான நேரத்தில் எடுக்க முடியாமல் போகலாம். போனில் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். ஒரு பிரதி வீட்டில் பென்டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் என்று பிரித்து வையுங்கள். இடமிருந்தும் பெரிய கோப்பை பென்டிரைவ் ஏற்கவில்லையென்றால் அது ஃபேட்32 வகையாக இருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் வகைக்கு மாற்றினால் சரி. மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

போன மாதம் சின்னம்மா வந்திருந்தார். மருமகனே கேட்டு, போனைச் சாய்த்துவைத்து, 720, 30 என்று பார்த்துப் பதிந்தான். ஒரு மணி பத்து நிமிடம். 1 ஜிபியை அளவாகத் தாண்டியது. கோப்பின் பெயராகத் திகதியையும் ஊரையும் எழுதினான். அன்றிரவே மூன்று இடத்தில் வைத்தோம்.

அதே இடங்களில் அம்மாவின் மூன்று நிமிடமும் இருக்கிறது. அளவு 16 மெகாபைட்டுக்கும் குறைவு.