மருமகள் குடிமகளான கதை

நம் சங்கத்தில் வெளிநாட்டு மருமகள் உள்ள குடும்பங்கள் இப்போது இரண்டு மூன்று ஆகிவிட்டன. ஒரு வீட்டில் மருமகனே வெளிநாட்டவர். "நீங்கள் இந்தியக் குடியுரிமை வாங்கியது எப்படி என்று எழுதிக் கொடுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வழிமுறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதில் அடங்காதவையும் சில உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனவர். அப்பா, அம்மா இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். 2007-ல் எனக்குக் கல்யாணமாகிப் புனே வந்தேன். வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், சங்கத்தில் தமிழ். ஆனால் விசா நீட்டிப்புக்குப் போகும்போதெல்லாம் நான் அயல்நாட்டார்தான்.

இந்தியரை மணந்தாலே இந்தியராகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதலில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இந்தியரை மணந்த பெண் பதிவு செய்துகொள்ளலாம். இத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. மருமகன்களுக்கு அந்த வழியே கிடையாது. 1986-ல் செய்த திருத்தம்தான் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கி, ஐந்தாண்டு வசிப்பையும் சேர்த்தது. 2003-ல் வந்த திருத்தம் அதை ஏழாண்டு ஆக்கியது. (என் கணவர் ஈப்போவுக்கு வந்திருந்தால் கதை வேறு. மலேசிய அரசியலமைப்பில் குடிமகனின் மனைவிக்குத்தான் அந்த வழி திறந்திருக்கிறது; குடிமகளின் கணவருக்கு இல்லை. மருமகன் என்றால் எல்லா ஊரிலும் ராஜ மரியாதை என்று யார் சொன்னது?)

இந்திய வம்சாவளி என்று விண்ணப்பிக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அந்தப் பிரிவில் விண்ணப்பதாரரோ, அவரைப் பெற்றவர்களில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது போதாது. ஆக நாமக்கல் எனக்கு உதவவில்லை, தாலிதான் உதவியது.

ஏழாண்டு என்று சொன்னேனே, அதன் உள்கணக்கை மருமகள்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் தொடர்ச்சியாக இந்தியாவில் இருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள எட்டாண்டுகளில் மொத்தம் ஆறாண்டுக்குக் குறையாமல் வசித்திருக்க வேண்டும். 2015 திருத்தத்தின்படி, தனிக் காரணம் இருந்தால் அந்த 12 மாதத்தில் 30 நாள்வரை விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதிகாரம் உண்டு என்பதும் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல.

எனக்குப் பத்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2016-ல், அம்மாவுக்கு இருதய அறுவை சிகிச்சை என்று அண்ணன் ஈப்போவிலிருந்து பேசினார். இன்னும் இரண்டு மாதம்தான். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான், "கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம், நீ கிளம்பும்மா" என்றார்கள். மூன்று வாரம் அம்மாவுடன் இருந்துவிட்டுத் திரும்பினேன். விலக்குக் கேட்டு நிற்க மனம் வரவில்லை. காலண்டரில் மறுபடி முதல் மாதத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

2017-ல் விண்ணப்பம் போட்டோம். இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மாநில அரசுக்கும், பிறகு டில்லியில் உள்துறை அமைச்சகத்துக்கும் போகும். என் பாஸ்போர்ட், விசா நகல்கள், கணவர் இந்தியர் என்பதற்கான சான்று, கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். நடுவில் போலீஸ் விசாரணையும் உண்டு. வந்த காவலர் எதிர்வீட்டு ஆஜியிடம் மராத்தியில் என்னைப் பற்றி விசாரித்தார். "பரதேசியா? தினமும் விடியற்காலையில் வாசலில் ரங்கோலி போடுகிறாளே, அவளா?" என்று ஆஜி திருப்பிக் கேட்டாராம். அதுவும் அறிக்கையில் ஏறியதா, தெரியாது.

ஓ.சி.ஐ. அட்டை போதாதா என்று கணவரே ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தியரின் வெளிநாட்டு மனைவிக்கும் கணவருக்கும், கல்யாணம் பதிவாகி இரண்டாண்டு கடந்திருந்தால், அது கிடைக்கும். ஆயுள் முழுவதும் வந்து போகலாம். பாஸ்போர்ட்டையும் விட வேண்டியதில்லை. பிறந்த நாட்டை விட முடியாதவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அதில் வாக்குரிமை இல்லை. என் பிள்ளைகள் இருவரும் பிறப்பால் இந்தியர்கள். அவர்கள் வளரும் ஊரில் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்கும் உரிமை எனக்கும் வேண்டும் என்று தோன்றியது.

2019-ல் டில்லியிலிருந்து ஏற்புக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு இனிப்பு வாங்கப் போனவர்களுக்கு அடுத்த வரி புரியவில்லை. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே, பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றை முதலில் கொடுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் அதற்குப் பிறகுதான். மலேசியத் தூதரகத்தில் துறப்புப் படிவத்தில் கையெழுத்திட்டேன். பாஸ்போர்ட்டையும், எங்கள் ஊரில் 'ஐ.சி.' என்போமே, அந்த அடையாள அட்டையையும் ஒப்படைத்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து பையில் இருந்த அட்டை. மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று. எதிரே இருந்த அம்மையார் அவசரப்படுத்தவில்லை.

துறப்பு பதிவானதாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து இந்தியச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் நான் எந்த நாட்டாளும் இல்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சமையல் நடந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இரவில் தொலைபேசி மணி அடித்தால் பதறுவேன். அம்மாவுக்கு ஏதாவது என்றால் போக என் கையில் ஒரு பாஸ்போர்ட்டும் கிடையாது. இந்த வழியில் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: பெற்றவர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து துறப்புப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். எல்லாக் காகிதத்துக்கும் நகல் வையுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வெளிநாட்டில் பெண் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெண் அந்த நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பி ஏற்றால், அப்போதே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துக்கொள்ளக் கூடாது.

2019 டிசம்பரில், இந்திய அரசியலமைப்பின்பால் பற்றுடன் இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் பெற்றேன். 2024 மே 13 அன்று புனேயில் மக்களவைத் தேர்தல். அத்தையும் நானும் சேர்ந்தே வரிசையில் நின்றோம். எனக்கு அது முதல் வாக்கு; அத்தைக்குக் கால்வலி.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஈப்போ போனேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்திருந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் உள்ளூர்க்காரர் வரிசையைத் தாண்டிப்போய் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். என் நீலப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஈப்போ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அதிகாரி மலாயில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். மலாயிலேயே பதில் சொன்னேன். இரண்டு வாரம், அம்மா வீட்டில்.