கம்பி மெலிந்தால் பலம் குறையுமா?
மலைப்பாதை சைக்கிள் வீலுக்கு ஸ்போக்ஸ் தேர்ந்தெடுக்கும் விதம்

மளிகைக் கடைக்காரர் துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். சைக்கிள் உதிரிபாகம் விற்பவருக்கு ஸ்போக்ஸ் கம்பி அப்படிப் பழகியிருக்க வேண்டும். எனக்குப் பழக்கம்தான் என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். அது தவறு என்று ஒரு வாடிக்கையாளர் புரிய வைத்தார்.

அவர் நல்ல ஆகிருதி உள்ளவர். விடுமுறை நாட்களில் கியர் வைத்த மலைப்பாதை சைக்கிளில் கரடுமுரடான பாதைகளில் போய்வருவார். நல்ல ரிம்மும் ஹப்பும் தனியே வாங்கி, இரண்டு வீலையும் கையால் கோர்க்க ஏற்பாடு செய்துவிட்டு, ஸ்போக்ஸுக்கு என் கடைக்கு வந்தார். நடுவில் மெலிந்த கம்பி ஒன்று கேட்டார். "உங்கள் எடைக்கு அது தாங்காது, முழுக்க ஒரே தடிமனாக உள்ளதைப் போடுங்கள்" என்று கூறி, துத்தநாகப் பூச்சுக் கம்பி 64 எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்து மாதத்தில் மூன்று அறுந்த கம்பிகளோடு வந்து நின்றார். மூன்றும் தலைக்குக் கீழே உள்ள வளைவில் அறுந்திருந்தன. மூன்றும் பின் வீலின் இடப்பக்கத்தவை. சமதளத்தில் அறுந்ததால் தப்பித்தார். இறக்கத்தில் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வீல் கோர்க்கும் பெரியவரிடம் கம்பிகளைக் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னார்: "அண்ணாச்சி, இது இழுத்து அறுந்த கம்பி இல்லை. தளர்ந்து தளர்ந்து அறுந்த கம்பி."

தளர்ச்சியே எதிரி

சைக்கிள் வீலில் எல்லா ஸ்போக்ஸும் இழுத்து முறுக்கப்பட்டிருக்கின்றன. வீல் உருளும்போது தரையை நோக்கி வரும் சில கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைந்து, மேலே போகும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. 26 அங்குல வீல் ஒரு கிலோமீட்டரில் சுமார் 480 முறை சுற்றும். 2,000 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு கம்பியும் பத்து லட்சம் முறையை நெருங்கித் தளர்ந்து இறுகிவிடும். கட்டுக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதே சங்கதிதான் இங்கும் மெதுவாக நடக்கிறது.

ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-ல் வெளியிட்ட சைக்கிள் வீல் பற்றிய நூலில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். நடுவில் மெலிந்த கம்பி அதே இழுவிசைக்கு அதிகமாக நீளும். ஆகவே ரிம் கல்லில் மோதி அமுங்கும்போதும் அதில் கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கும். தடித்த கம்பி குறைவாகவே நீளும் என்பதால் அதே அமுக்கத்தில் முழுக்கத் தொய்ந்து, வளைவில் ஆடத் தொடங்கிவிடும். கம்பி பெரும்பாலும் அறுவது வளைவிலும் மரையிலும்தான். மெலிந்த கம்பியிலும் அந்த இரண்டு முனைகளில் முழுத் தடிமன் அப்படியே இருக்கிறது. அறாத இடத்தில் குறைத்து, அறும் இடத்தில் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் சொன்ன ஆலோசனை தலைகீழ்!

மலையில் ஏன் கூடுதல் கவனம்?

இந்த வகை சைக்கிளே மலை இறக்கத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டிப் பகுதி இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் போட்டி நடந்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக் ஹப்பில் கிரீஸ் எரிந்துபோய், மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. அத்தகைய அடியைத் தாங்கும்படி வீலை அமைக்க வேண்டும் என்பதே இன்றைக்கும் விதி.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

உலோகம்: எவர்சில்வர் கம்பியே நல்லது. துத்தநாகப் பூச்சு விலை குறைவு, ஆனால் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு ஏறும். காந்தம் ஒட்டினால் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எவர்சில்வரை இழுத்துக் கம்பியாக்கும்போது அதிலும் லேசாகக் காந்தம் ஒட்டும். சுவிட்சர்லாந்தின் டி.டி. சுவிஸ், பெல்ஜியத்தில் 1918 முதல் இயங்கும் சாபிம் ஆகியவை உலகெங்கும் பெயர் பெற்றவை.

தடிமன்: 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 15 கேஜ் என்றால் 1.8 மி.மீ. முனைகளில் 2, நடுவில் 1.8 மி.மீ. உள்ள கம்பி மலைப்பாதைக்குப் பெரும்பாலோருக்கு ஏற்றது. பெட்டியில் 'டபுள் பட்டட்' என்று அச்சிட்டிருக்கும். முழுத் தடிமன் கம்பியோடு ஒப்பிட்டால் இரண்டு வீலுக்கும் சேர்த்துச் சுமார் 60 கிராம் எடையும் மிச்சம். நடுவில் 1.5 மி.மீ. உள்ளது இன்னும் இலேசு, ஆனால் நிப்பிளைத் திருகும்போது கம்பியே முறுக்கிக்கொள்ளும். கைதேர்ந்தவர் கோர்த்தால் மட்டுமே கொடுங்கள்.

இடமும் வலமும்: பின் வீலில் பற்சக்கரங்கள் வலப்பக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நின்று மிக இறுக்கமாக இருக்கும். இடப்பக்கத்துக்கு அதில் பாதி அல்லது சற்று அதிகமான இழுவையே கிடைக்கும். என் வாடிக்கையாளருக்கு இடப்பக்கமே அறுந்த காரணம் இதுதான். ஆகவே இடப்பக்கத்துக்கு மெலிந்த கம்பி போடுவது நல்ல முறை.

எண்ணிக்கை: ரிம்மிலும் ஹப்பிலும் துளைகள் ஒத்திருக்க வேண்டும். 32 பொதுவானது. கனத்த உடம்புக்காரருக்கும் சுமை ஏற்றுபவருக்கும் 36 நிம்மதி. டிஸ்க் பிரேக் உள்ள வீலில் பிரேக்கின் முறுக்கு ஹப்பிலிருந்து கம்பிகள் வழியாகவே ரிம்முக்குப் போகிறது. அதனால் கம்பிகளை நேராக நிறுத்தாமல் மூன்று குறுக்காகப் பின்னச் சொல்லுங்கள்.

நீளம்: கடைக்காரருக்கு நஷ்டம் வருவது இங்கேதான். வீல் 26 அங்குலம் என்பது மட்டும் போதாது. ரிம்மின் உட்புற விட்டம், ஹப் தட்டின் துளை வட்டம், தட்டு நடுவிலிருந்து இருக்கும் தூரம், குறுக்குப் பின்னலின் எண்ணிக்கை ஆகிய நான்கும் வேண்டும். பின் வீலில் வலப்பக்கக் கம்பி பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. குட்டை. நீளம் கூடினால் நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தலாம். குறைந்தால் மரை முழுதாகப் பிடிக்காது. அறுபத்து நான்கையும் ஒரே அளவில் எண்ணிக் கொடுத்தது நான் செய்த இரண்டாவது தப்பு.

நிப்பிள்: பித்தளையே போதும். அலுமினியம் இலேசுதான், ஆனால் சேற்றிலும் ஈரத்திலும் அரித்துப்போய் மூலை மழுங்கிவிடும்.

கம்பி பாதி, கை பாதி

எவ்வளவு நல்ல கம்பி வாங்கினாலும் கோர்ப்பவர் கை சரியில்லாவிட்டால் பயனில்லை. கோட்டம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் சம இழுவையில் இருக்க வேண்டும். பின் வீலின் வலப்பக்கத்துக்குப் பல ரிம்களில் 100 முதல் 120 கிலோ வரை இழுவை வைக்கிறார்கள். ரிம் தயாரித்தவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அளவுக் கருவி இல்லாவிட்டால் விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். கோர்த்து முடித்ததும் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து, மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். புது வீலைக் கொஞ்ச நாள் ஓட்டியபின் ஒரு தடவை திரும்பக் காட்டச் சொல்லுங்கள்.

மளிகை அன்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உங்கள் கடைப் பையன் அரிசி மூட்டை ஏற்றிப்போகும் சைக்கிளின் பின் வீலையும் வாரம் ஒரு முறை மீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மந்தமாக ஒலிக்கும் கம்பிதான் அடுத்து அறப்போவது. ஒன்று அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகள் மேல் விழும்.

சிறு கடைக்காரர் எல்லா நீளத்தையும் வாங்கி முதலை முடக்கத் தேவையில்லை. ரிம்மையும் ஹப்பையும் கொண்டுவரச் சொல்லி அளந்து, பிறகு வரவழையுங்கள். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு கம்பி கூடுதலாகக் கொடுங்கள். அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் மறுபடியும் உங்களிடமே வருவார்.

அந்த வாடிக்கையாளருக்குக் கம்பியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சரியான நீளத்தில், நடுவில் மெலிந்தது, அவர் முதலில் கேட்டதேதான். வீல் இன்றுவரை அறவில்லை. எடை குறைத்து விற்றால் வாடிக்கையாளருக்குக் காசு நஷ்டம். தப்பான கம்பி விற்றால் அவருக்குப் போவது காசு மட்டும் அல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி விற்பதைவிட, "நாளை கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு நாள் வியாபாரத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.