சம்பளம் கிடையாது, டிக்கெட்டும் உங்கள் செலவு: வெளிநாட்டு மைக்ரோஃபைனான்ஸ் தன்னார்வப் பணிக்குப் பணம் புரட்டுவது எப்படி?

இப்படி வைத்துக்கொள்வோம். சாத்தூர் பக்கம் ஒரு வீடு. அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. வாரம் தவறாமல் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்த் தவணை கட்டுகிறார். அந்தக் குழுவின் கணக்கு நோட்டை எழுதிக் கொடுத்தே வளர்ந்த மகள், எம்.காம் முடித்துவிட்டு மதுரையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அவளுக்கு மெயில் வருகிறது. வெளிநாட்டில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஓர் அமைப்பில் 4 மாதத் தன்னார்வப் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாள்.

சந்தோஷம் கடைசிப் பத்தி வரைக்கும்தான். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே சொந்தச் செலவு.

'நமக்கு எதுக்கு இதெல்லாம்?' என்று மெயிலை மூடிவிடுவதா, கடன் வாங்கிக்கொண்டு கிளம்புவதா? இரண்டும் வேண்டாம். வேறு வழிகள் இருக்கின்றன. அதில் பாதி, விருதுநகர் மாவட்டத்துக்குப் பழக்கமான வழிகள்தான்.

சம்பளமே இல்லாத வேலைக்கு ஏன் இவ்வளவு போட்டி?

சிறுகடன் என்பதை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர் வங்கதேசப் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ். 1976-ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் அவர் தொடங்கிய முயற்சி 1983-ல் கிராமீன் வங்கியாக மாறியது. 2006-ல் வங்கிக்கும் அவருக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2005-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 'கீவா' தொடங்கப்பட்டது. உலகின் ஒரு மூலையில் இருப்பவர் 25 டாலரை இன்னொரு மூலையில் இருக்கும் தையல்காரருக்கோ விவசாயிக்கோ ஆன்லைனில் கடனாகக் கொடுக்கலாம் என்பது அதன் ஏற்பாடு.

அந்தக் கடன் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா, வாங்கியவர் எப்படி இருக்கிறார் என்று நேரில் பார்த்து எழுத ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக வந்ததுதான் 'கீவா ஃபெலோஸ்' திட்டம். பயணச் செலவையும் தங்கும் செலவையும் சொந்தமாகப் போட்டுக்கொண்டு, பல நாடுகளில் மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலை செய்தார்கள். வளர்ச்சித் துறையிலோ வங்கித் துறையிலோ போகப் போகிறவர்களுக்கு இந்தக் கள அனுபவம் பயோடேட்டாவில் பெரிய வரி. அதனால்தான் போட்டி.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டு வழிகாட்டிக் கட்டுரைகளைப் படித்தால் டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், வாடகை, சாப்பாடு என்று ஐந்து வரியில் பட்ஜெட் முடிந்துவிடும். நம்ம ஊர் பட்ஜெட்டில் ஆறாவதாக ஒரு வரி உண்டு: வீட்டுக்குக் கொடுக்கும் பணம்.

மாதம் 22,000 ரூபாய் சம்பளம் வாங்கி, அதில் 10,000 ரூபாயை வீட்டுக்குக் கொடுப்பவர் 4 மாதம் வெளியே போனால், டிக்கெட் வாங்கும் முன்பே 40,000 ரூபாய் பள்ளம் விழுந்துவிடுகிறது. அந்த மாதங்கள் தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் காலமாக இருந்தால் பள்ளம் இன்னும் ஆழம். எனவே 'எவ்வளவு திரட்டணும்?' என்று கணக்குப் போடும்போது இந்த வரியை முதலில் எழுதுங்கள். திடீரென்று ஊர் திரும்ப வேண்டி வந்தால் அதற்கான டிக்கெட் பணத்தையும் தனியாக வையுங்கள்.

எதையெல்லாம் செய்யக்கூடாது?

முதலில், அம்மா பெயரில் குழுக் கடன் எடுக்காதீர்கள். ஈஸியாகக் கிடைக்கும், அதனால்தான் ஆபத்து. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணை இல்லாமல் கொடுக்கும் கடன்தான் மைக்ரோஃபைனான்ஸ். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்கள் பயணத்துக்காக அந்தப் பாதியை நிரப்பிவிட்டால், ஆலை மூடும் மாதத்திலோ ஆஸ்பத்திரிச் செலவு வரும்போதோ அம்மாவுக்கு வேறு வழி இருக்காது. கடன் சுமையில் இருக்கும் பெண்களுக்கு உதவப் போகிறவர், தன் வீட்டில் ஒரு பெண்ணைக் கடனில் தள்ளிவிட்டுப் போவதில் என்ன அர்த்தம்?

அடுத்தது, சிவகாசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் ஐடியா: 'தீபாவளிக்குப் பட்டாசு வாங்கி ஃபிரெண்ட்ஸுக்கு வித்துடலாமே?' உரிமம் இல்லாமல் பட்டாசை இருப்பு வைப்பதும் விற்பதும் குற்றம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கும் தடை போட்டுவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, அப்போ என்ன செய்யலாம்?

1. பிடி அரிசி முறை

விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை 1889-ல் தொடங்கப்பட்டது. காமராஜர் படித்த பள்ளி. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைச் சேர்த்து விற்ற காசும் இந்தப் பள்ளியைத் தாங்கியது. வியாபாரிகள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் 'மகமை'யும் இதே மண்ணின் வழக்கம்.

இதையே உங்கள் பயணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவரிடம் 10,000 ரூபாய் கேட்பது கஷ்டம். 40 பேரிடம் மாதம் 100 ரூபாய் கேட்பது அவ்வளவு கஷ்டமில்லை. 40 பேர், 100 ரூபாய், 10 மாதம்: 40,000 ரூபாய். மேலே சொன்ன பள்ளம் அடைந்துவிட்டது. மாதம் ஒருமுறை கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். கணக்கு வெளிப்படையாக இருந்தால்தான் அடுத்த மாதமும் பணம் வரும்.

2. மொய் நோட்டு

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி மாதம் மொய் விருந்து களைகட்டும். விருந்து சாப்பிட்டுவிட்டுச் செய்யும் மொய், இனாம் இல்லை. நோட்டில் ஏறும். அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். வட்டி பேசாத கடன் என்றே சொல்லலாம்.

பந்தல் போடாமலும் இதைச் செய்யலாம். நெருங்கிய பத்துப் பேரிடம் ஆளுக்கு 5,000 ரூபாய் வாங்கி, யாருக்கு எந்த மாதம் திருப்பித் தருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திரும்பி வந்து வேலையில் சேர்ந்ததும் ஒவ்வொருவராக அடைத்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஒருவரிடம் கடனாக வாங்கினால் ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

3. சீட்டு

பயணத்துக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தால் இது சரிப்பட்டு வரும். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம் என்றால் சீட்டுத் தொகை 1 லட்சம். தள்ளி எடுத்தால் தள்ளுபடியின் பங்கும் கிடைக்கும். ஆனால் பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும். 1982-ம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு சீட்டு நடத்துபவரின் கமிஷன் அதிகபட்சம் 7 சதவிகிதம். 'தெரிஞ்ச அக்காதான் நடத்துறாங்க' என்பது ரசீது ஆகாது.

4. காலண்டர்

பட்டாசு விற்க முடியாது. ஆனால் சிவகாசியில் அச்சகம் இருக்கிறதே! ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் இங்கே வெளியாகும். அப்போதிருந்தே ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். உங்கள் தெருவில் உள்ள ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், டியூஷன் சென்டர் என 12 கடைகளிடம் மாதத்துக்கு ஒரு பக்கம் விளம்பரம் பேசி, ஒரு மாதக் காலண்டர் அடிக்கலாம். விளம்பரத்திலேயே அச்சுச் செலவு வந்துவிட்டால், விற்கும் காசு லாபம். வாங்குபவர் கையில் ஒரு பொருள் இருக்கும், உங்களுக்கும் கை நீட்டிக் கேட்ட உணர்வு இருக்காது.

கிரவுட் ஃபண்டிங் போடலாமா?

போடலாம். நம் ஊரில் இன்று மருத்துவ உதவிக்காகப் பலரும் அறிந்த 'மிலாப்', 2010-ல் பெங்களூருவில் சிறுகடனுக்கான தளமாகத் தொடங்கியதுதான். ஆனால் பணம் வருவதற்கு முன்பே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் அன்பளிப்பாக வந்த மொத்தத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், சித்தப்பா, மாமா, அத்தை கொடுத்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் சித்தப்பா மகன் இந்தப் பட்டியலில் 'உறவினர்' கிடையாது!
* வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் பணம் அனுப்பினால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரலாம். உறவினர் என்றால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. மற்றவர்களிடம் வாங்கும் முன் ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.
* தனிநபருக்குக் கொடுப்பதற்கு நன்கொடை வரிச்சலுகை கிடையாது. 'ரசீது தர்றேன், வரி குறையும்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

'பெரிய கம்பெனியில் சி.எஸ்.ஆர். நிதி கேட்கலாமே?' என்றும் சிலர் சொல்வார்கள். இந்தியாவுக்கு வெளியே செய்யும் பணி, விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி தவிர, சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. கம்பெனி முதலாளி சொந்தப் பணத்தில் தந்தால்தான் உண்டு. அதைவிட, நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்ற உத்தரவாதமே பெரிய நிதி உதவி.

செலவையே குறைக்க முடியாதா?

முடியும். தூர தேசத்தைவிடப் பக்கத்து தேசத்தை யோசியுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்கள் குவிந்தன. பல பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சிக்கினார்கள். 2018-ல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த 1 லட்சம் இலங்கை ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அரசு இறங்கி வந்தது. அங்கே கடன் வாங்கிய ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து பேச, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சாத்தூர்ப் பெண்ணுக்கு வேண்டாம். அது பணத்தால் வாங்க முடியாத தகுதி.

செலவுக்குப் பணம் தரும் திட்டங்களும் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் களத்துக்குப் போகிறவர்களுக்கு வாழ்க்கைப்படி தருகிறார்கள். அதன் ஆன்லைன் பிரிவில் வீட்டிலிருந்தே பணியாற்றலாம், பயணச் செலவே இல்லை. இந்தியாவுக்குள் என்றால் எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா, கிராமங்களில் 13 மாதம் உதவித்தொகையோடு பணியாற்ற வாய்ப்புத் தருகிறது. மதுரையிலேயே தானம் அறக்கட்டளை, 'களஞ்சியம்' மகளிர் குழுக்கள் மூலம் பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவருகிறது. வெளிநாடு போகும் முன் உள்ளூரில் கொஞ்ச நாள் பழகிவிட்டுப் போனால், அங்கே நீங்கள் சொல்லும் வார்த்தைக்கும் எடை கூடும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. எந்த விசா? சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணியைப் பல நாடுகள் வேலையாகவே பார்க்கும். 'டூரிஸ்ட் விசாவில் வாங்க, பார்த்துக்கலாம்' என்றால் போகாதீர்கள்.
2. என்னிடம் ஏன் கட்டணம் கேட்கிறீர்கள்? தங்குமிடம், சாப்பாட்டுக்கு வாங்கினால் சரி. 'சேர்க்கைக் கட்டணம்' என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.
3. நான் வசூலுக்குப் போக வேண்டுமா? தவணை கட்டாத வீட்டு வாசலில் போய் நிற்பது தன்னார்வலரின் வேலை இல்லை.
4. வட்டி எவ்வளவு? கடன் வாங்கும் பெண்ணுக்குச் சொல்லும் அதே பதிலை உங்களுக்கும் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று

சிவகாசியின் கதையே ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா போனார்கள். சில மாதங்கள் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தப் பயணத்தின் பலன் அவர்கள் இருவரோடு நிற்கவில்லை, ஊரே பார்த்தது.

மாதம் 100 ரூபாய் கொடுத்த 40 பேரும் உங்களிடம் ஃபோட்டோ ஆல்பம் எதிர்பார்க்கப் போவதில்லை. திரும்பி வந்ததும் அம்மாவின் குழுக் கூட்டத்தில் ஒருநாள் உட்காருங்கள். கடன் ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, வட்டியை எப்படிக் கணக்கிடுவது, எந்த இடத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள் கொடுத்த பிடி அரிசிக்கு நீங்கள் திருப்பிச் செய்யும் மொய் அதுதான்.